ஹென்றி முதல் பிகோஹென்றி வரை: மின்தூண்டல் அலகுகளை மாற்றும் முறை

ஒரே கம்பிச்சுருளின் மின்தூண்டல் அளவை 0.00047 ஹென்றி என்று எழுதலாம், 0.47 மில்லிஹென்றி என்றும், 470 மைக்ரோஹென்றி என்றும், 470,000 நானோஹென்றி என்றும் எழுதலாம். நான்கும் ஒரே அளவையே சொல்கின்றன. சுருளில் ஒரு சுற்றுக்கூட கூடவோ குறையவோ இல்லை. அதை எந்த அலகால் அளந்து சொல்கிறோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்குச் செல்வதற்கான விதி மிக எளியது: பெரும்பாலும் தசமப் புள்ளியை மூன்று இடங்கள் தள்ளினால் போதும். ஆனால் அந்தப் புள்ளியைத் தவறான பக்கம் தள்ளிவிட்டால் விளையும் பிழை சிறியதாக இருப்பதில்லை. விடை பத்து இலட்சம் மடங்கு விலகிப்போகும். ஆகவே விதியை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், ஒவ்வோர் அலகும் எவ்வகைச் சுருளுக்குரியது என்ற உணர்வையும் தொடக்கத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும். கணக்கின் முடிவு நம்பத்தக்கதா என்பதை அந்த உணர்வுதான் உடனே சொல்லும்.

மின்தூண்டல் எதை அளக்கிறது

ஒரு கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உருவாகிறது. மின்னோட்டம் மாறினால் காந்தப்புலமும் மாறுகிறது. மாறுகின்ற அந்தக் காந்தப்புலம் அதே கம்பியில் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அவ்வாறு தூண்டப்படும் மின்னழுத்தம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் திசையில் அமைகிறது. கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் காந்தப்புலமும் மற்றச் சுற்றுகளோடு சேர்ந்துகொள்வதால் இவ்விளைவு வலுப்பெறுகிறது. சுருளுக்குள் இரும்பு அல்லது ஃபெரைட் உள்ளகம் ஒன்றை வைத்தால் இன்னும் பல மடங்கு வலுப்பெறுகிறது. பாரம் ஏற்றிய வண்டியை ஓடச்செய்வதும் கடினம், ஓடத் தொடங்கியபின் சட்டென்று நிறுத்துவதும் கடினம். மின்னோட்டத்தைப் பொறுத்தவரை ஒரு சுருள் அந்தப் பாரத்தின் வேலையையே செய்கிறது. இந்த எதிர்ப்பின் அளவைத்தான் மின்தூண்டல் எண் என்கிறோம். இயற்பியல் பாடநூல்கள் இதைத் தன் மின்தூண்டல் எண் என்று குறிப்பிடும். இக்கட்டுரையில் சுருக்கமாக மின்தூண்டல் என்றே எழுதுகிறேன்.

இதன் எஸ்.ஐ. அலகு ஹென்றி. ஒரு சுருளில் பாயும் மின்னோட்டம் வினாடிக்கு 1 ஆம்பியர் வீதம் மாறும்போது அச்சுருளின் முனைகளுக்கிடையே 1 வோல்ட் தூண்டப்பட்டால், அச்சுருளின் மின்தூண்டல் 1 ஹென்றி ஆகும். அதாவது ஒரு ஹென்றி என்பது ஒரு வோல்ட்-வினாடியை ஓர் ஆம்பியரால் வகுத்துக் கிடைப்பது. காந்தப்பாயத்தின் அலகான வெபர் என்பதும் ஒரு வோல்ட்-வினாடியே என்பதால், ஓர் ஆம்பியருக்கு ஒரு வெபர் என்று சொன்னாலும் ஒரு ஹென்றியே. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும் என்பதால், ஓம்-வினாடி என்று சொன்னாலும் அதுவேதான். இவற்றுக்கிடையே மாற்றும்போது எந்த எண்ணாலும் பெருக்கவோ வகுக்கவோ தேவையில்லை. 1-க்கு 1 என்ற விகிதம்தான். அலகு மாற்றும் பட்டியல்களில் வெபர்/ஆம்பியர் என்ற வரியைக் கண்டு தயங்குபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

அலகின் பெயர் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றியை (1797–1878) நினைவுகூர்கிறது. நீண்ட சுருளின் மின்னிணைப்பைத் துண்டிக்கும்போது வலுவான தீப்பொறி எழுவதைக் கவனித்து, தன் மின்தூண்டலைப் பற்றி அவர் 1832-இல் எழுதினார். மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தது அதற்கு முந்தைய ஆண்டான 1831-இல். இருவரும் ஒருவரையொருவர் சாராமலே ஆய்வு செய்தவர்கள். 1893-இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஹென்றி என்ற பெயரை அலகுக்கு ஏற்றுக்கொண்டது.

ஆயிரத்தின் படிகள்

ஹென்றிக்கு முன்னால் சேரும் முன்னொட்டுகள், மீட்டருக்கும் கிராமுக்கும் சேர்கின்றவையே. மில்லி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 10⁻³. மைக்ரோ என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, 10⁻⁶. நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு, 10⁻⁹. பிகோ என்றால் இலட்சம் கோடியில் ஒரு பங்கு, 10⁻¹². எனவே 1 ஹென்றி = 1,000 மில்லிஹென்றி = 1,000,000 மைக்ரோஹென்றி = 1,000,000,000 நானோஹென்றி. ஒவ்வொரு படிக்கும் இடையே உள்ள தொலைவு ஆயிரம் மடங்கு. நீள அளவில் சென்டிமீட்டர், டெசிமீட்டர் என்று பத்து மடங்குப் படிகள் வருவது போல ஹென்றியில் நடைமுறையில் வருவதில்லை. சென்டிஹென்றி என்று எந்தச் சுருளிலும் எழுதியிருக்காது. இது தொடக்கநிலையினருக்குப் பெரிய வசதி: எப்போதும் மூன்று, ஆறு, ஒன்பது அல்லது பன்னிரண்டு இடங்கள், மூன்றின் மடங்கல்லாத எண்ணிக்கை வராது.

காற்புள்ளி இடுவதைப் பற்றி ஒரு சொல். நூறாயிரத்தை 1,00,000 என்று எழுதும் இலட்ச முறை அன்றாடக் கணக்குக்குப் பொருத்தமானதே; ஆனால் அலகு மாற்றத்தின்போது அது ஆயிரத்தின் படிகளை மறைத்துவிடுகிறது. 470,000 என்று மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதினால், ஒரு காற்புள்ளி ஒரு படி என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம். அதனால்தான் இக்கட்டுரை முழுவதும் இம்முறையைக் கையாள்கிறேன்.

இப்போது திசைக்கு வருவோம். பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. மைக்ரோ என்பது மிகச் சிறியது. ஆகவே மைக்ரோஹென்றிக்கு மாற்றினால் எண்ணும் சிறியதாகும் என்று மனம் தானாகவே நினைக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. அலகு சிறியதானால், அதே அளவைச் சொல்ல அந்த அலகுகள் அதிகமாக வேண்டும். எனவே எண் பெரியதாகும். அலகு பெரியதானால் எண் சிறியதாகும். எண்ணும் அலகும் எப்போதும் எதிரெதிர்த் திசையிலேயே நகர்கின்றன. அவற்றின் பெருக்கம் மட்டும் மாறாமல் நிற்கிறது.

ஒரு சுருளின் அளவு 2.2 மில்லிஹென்றி, அதை மைக்ரோஹென்றியில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மில்லியிலிருந்து மைக்ரோவுக்கு ஒரு படி, அலகு சிறியதாகிறது, ஆகவே எண் ஆயிரம் மடங்கு பெருக வேண்டும். 2.2 × 1,000 = 2,200 மைக்ரோஹென்றி. இப்போது எதிர்த்திசை: 68 நானோஹென்றியை மைக்ரோஹென்றியில் சொல்ல வேண்டும். நானோவிலிருந்து மைக்ரோவுக்கும் ஒரு படிதான். ஆனால் அலகு பெரியதாகிறது. ஆகவே எண் ஆயிரத்தால் வகுபடும். 68 ÷ 1,000 = 0.068 மைக்ரோஹென்றி. இரண்டு படிகளைத் தாண்டும்போது, ஒவ்வொரு படியையும் தனித்தனியே எழுதிக் காட்டுவதே பாதுகாப்பானது: 0.015 மில்லிஹென்றி என்பது 15 மைக்ரோஹென்றி. 15 மைக்ரோஹென்றி என்பது 15,000 நானோஹென்றி. ஒரே தாவலில் பத்து இலட்சத்தால் பெருக்கினாலும் விடை இதுவே. ஆனால் சுழியங்களை எண்ணும்போது ஒன்றை விட்டுவிடும் வாய்ப்பு அதில் அதிகம்.

அடுக்குக் குறியீடு அறிந்தவர்களுக்கு இதைவிடச் சீரான வழி உண்டு. கொடுக்கப்பட்ட அளவை முதலில் ஹென்றியில் எழுதிக்கொண்டு, பிறகு வேண்டிய அலகின் அடுக்கால் வகுக்க வேண்டும். 330 மைக்ரோஹென்றி என்பது 330 × 10⁻⁶ ஹென்றி. அதை 10⁻³ ஆல் வகுத்தால் 330 × 10⁻³, அதாவது 0.33 மில்லிஹென்றி. எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குச் சென்றாலும் இந்த ஒரே நடைமுறை போதும். கணினி நிரலிலோ விரிதாளிலோ மாற்றம் செய்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஹென்றியை நடுவே வைத்தால், ஒவ்வோர் இணைக்கும் தனித்தனிப் பெருக்கெண் வைத்திருக்க வேண்டிய தேவை இல்லை.

குறியெழுத்துகளிலும் கவனம் வேண்டும். ஹென்றியின் குறி பெரிய வடிவ எச். மில்லியின் குறி சிறிய வடிவ எம். பெரிய வடிவ எம் மெகாவைக் குறிக்கும். மைக்ரோவின் குறி மியூ என்ற கிரேக்க எழுத்து. தட்டச்சில் அது எளிதில் கிடைக்காததால், வடிவத்தில் ஒத்திருக்கும் ஆங்கில யூ எழுத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். மைக்ரோவுக்கும் முதலெழுத்து எம் என்று கருதிக்கொண்டு, மைக்ரோஹென்றியை மில்லிஹென்றியின் குறியால் எழுதிவிடுவது அடிக்கடி நிகழும் பிழை. சுருளின் உருவத்தையும் அதன் பயன்பாட்டையும் பார்க்காமல் குறியை மட்டும் நம்பினால், இந்தப் பிழை கண்ணில் படாமலே போய்விடும்.

எந்த அலகு எங்கே வாழ்கிறது

முழு ஹென்றி என்பது அன்றாட மின்னணுவியலில் பெரிய அளவு. இரும்பு உள்ளகத்தின்மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினால்தான் அந்த அளவை எட்ட முடியும். வெற்றிடக் குழாய் ஒலிபெருக்கிகளின் மின்வழங்கிப் பகுதியில் 5, 10 ஹென்றி அளவுள்ள கனமான சோக்குகள் இருக்கும். மின் கிதாரின் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்த உணர்விகளும் சில ஹென்றிகள் கொண்டவை. தலைமுடி போன்ற மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். பழைய வகைக் குழல்விளக்கின் சோக்கும் ஹென்றி என்ற படியைச் சேர்ந்ததே.

மில்லிஹென்றி, ஒலி அதிர்வெண்களின் உலகத்துக்குரியது. ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்தனுப்பும் சுருள்கள், மின்வழியே வரும் இரைச்சலை வடிகட்டும் சோக்குகள் ஆகியவை பெரும்பாலும் இந்த அளவில் இருக்கும். மைக்ரோஹென்றி, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் மாற்றி மின்சுற்றுகளிலும் நடுத்தர அலை, சிற்றலை வானொலிகளிலும் புழங்குவது, 4.7, 10, 22, 100 மைக்ரோஹென்றி என்பவை அங்கே நாள்தோறும் கையாளப்படும் எண்கள். நானோஹென்றி, நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் இயங்கும் கம்பியில்லாத் தொடர்புச் சாதனங்களுக்குரியது. அந்த அளவுக்குச் சுருள்கூட வேண்டியதில்லை: 1 மில்லிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட நேரான கம்பிக்கே ஏறத்தாழ 100 நானோஹென்றி மின்தூண்டல் உண்டு. பிகோஹென்றி, மின்னணுச் சில்லுகளின் உள்ளிணைப்புகளையும், மீகடத்தி வளையங்களால் ஆன மிக நுட்பமான காந்தப்புல உணர்விகளையும் பற்றிப் பேசும்போது வருகிறது. கிலோஹென்றி அட்டவணைகளில் காணப்படும். நடைமுறையில் அதைச் சந்திப்பது மிக அரிது.

இந்தப் படத்தை மனத்தில் வைத்திருந்தால் பல பிழைகள் தாமாகவே வெளிப்படும். நகத்தைவிடச் சிறிய ஒரு மின்தூண்டியை 10 ஹென்றி என்று கணக்கு காட்டினால், கணக்கில்தான் கோளாறு. மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

அலகு மாற்றம் எவ்வளவு பெரிய பொறியியலிலும் இதே எளிமையோடு செயல்படுகிறது என்பதற்கு, ஜெனீவாவின் அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள பெரும் ஹேட்ரான் மோதுவி நல்ல சான்று. அதில் துகள்களின் பாதையை வளைக்கும் மீகடத்தி இருமுனைக் காந்தங்கள் மொத்தம் 1,232 உள்ளன. எட்டுப் பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் 154 காந்தங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒரு காந்தத்தின் மின்தூண்டல் ஏறத்தாழ 100 மில்லிஹென்றி. 154 × 100 = 15,400 மில்லிஹென்றி; ஹென்றிக்கு மாற்றினால் 15.4. வடிவமைப்பின்படி அவற்றில் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 11,850 ஆம்பியர். சேமிக்கப்படும் ஆற்றல், மின்தூண்டலின் பாதியை மின்னோட்டத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது, 15.4 ஹென்றியை இட்டுக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1.08 × 10⁹ ஜூல், அதாவது ஒரு கிகாஜூலுக்குச் சற்று மேல். ஹென்றிக்கு மாற்ற மறந்து 15,400 என்ற எண்ணையே சூத்திரத்தில் இட்டிருந்தால், விடை ஆயிரம் கிகாஜூலைத் தாண்டியிருக்கும்.

மின்தூண்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்தல்

சிறிய மின்தூண்டிகளின்மேல் அலகை எழுத இடம் இருக்காது; மூன்று குறிகள் மட்டுமே இருக்கும். அவை மைக்ரோஹென்றியை அடிப்படையாகக் கொண்டவை. முதல் இரண்டு இலக்கங்கள் எண்ணையும், மூன்றாவது இலக்கம் பின்னால் சேர்க்க வேண்டிய சுழியங்களின் எண்ணிக்கையையும் சொல்கின்றன. 101 என்றால் 10-ஐ அடுத்து ஒரு சுழியம், அதாவது 100 மைக்ரோஹென்றி. 102 என்றால் 1,000 மைக்ரோஹென்றி; அதுவே 1 மில்லிஹென்றி. 100 என்று எழுதியிருந்தால் அது நூறு அன்று. 10-ஐ அடுத்துச் சுழியமே இல்லை என்பதால் 10 மைக்ரோஹென்றிதான். தொடக்கநிலையினர் மிகுதியாகத் தடுமாறுவது இந்த ஒரு குறியில்தான். பத்துக்குக் குறைவான அளவுகளில் ஆர் என்ற ஆங்கில எழுத்து தசமப் புள்ளியின் இடத்தில் நிற்கும்: 4ஆர்7 என்றால் 4.7 மைக்ரோஹென்றி, ஆர்47 என்றால் 0.47 மைக்ரோஹென்றி, அதாவது 470 நானோஹென்றி. அந்த இடத்தில் என் என்ற ஆங்கில எழுத்து வந்தால் அடிப்படை அலகு நானோஹென்றியாக மாறுகிறது. 4என்7 என்பது 4.7 நானோஹென்றி. வண்ண வளையங்கள் கொண்ட மின்தூண்டிகளிலும் மைக்ரோஹென்றியே அடிப்படை. பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்ற வரிசை 100 மைக்ரோஹென்றியைக் குறிக்கும்.

இதே மூவிலக்க முறை மின்தேக்கிகளிலும் உண்டு. ஆனால் அங்கே அடிப்படை அலகு பிகோஃபாரட். எனவே 104 என்ற குறி ஒரு மின்தேக்கியில் 100,000 பிகோஃபாரட்டையும் ஒரு மின்தூண்டியில் 100,000 மைக்ரோஹென்றியையும், அதாவது 100 மில்லிஹென்றியையும் குறிக்கிறது. மின்தேக்கிகளோடு மட்டுமே பழகியவர்கள், அதே பழக்கத்தில் மின்தூண்டியின் குறியைப் பிகோஹென்றி என்று படித்துவிடக் கூடாது.

மின்தூண்டல், மின்தேக்குத்திறன், மின்தடை ஆகியவற்றை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரில் அளக்கும்போது, திரையில் தெரியும் எண்ணோடு தேர்ந்தெடுத்த அளவெல்லையின் அலகையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். 20 மில்லிஹென்றி எல்லையில் 0.47 என்று காட்டினால், அது 0.47 மில்லிஹென்றி, அதாவது 470 மைக்ரோஹென்றி. எண்ணை மட்டும் குறித்துவிட்டுப் பிறகு அலகை நினைவிலிருந்து சேர்ப்பது ஆபத்தான பழக்கம்.

சூத்திரங்களுக்குள் அலகுகள்

தொடராக இணைக்கப்பட்ட, ஒன்றன் காந்தப்புலம் மற்றொன்றைத் தொடாத மின்தூண்டிகளின் மொத்த அளவு, அவற்றின் கூட்டுத்தொகை. கூட்டுவதற்குமுன் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். 1.5 மில்லிஹென்றி, 330 மைக்ரோஹென்றி, 2,200 நானோஹென்றி ஆகிய மூன்றையும் மைக்ரோஹென்றிக்கு மாற்றினால் 1,500, 330, 2.2 என்றாகும், கூட்டுத்தொகை 1,832.2 மைக்ரோஹென்றி, அல்லது 1.8322 மில்லிஹென்றி. எண்ணளவில் மிகப் பெரியதாகத் தோன்றிய 2,200 தான் மூன்றில் மிகச் சிறிய பங்கைத் தருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்றச் சூத்திரங்களில், எல்லாவற்றையும் ஹென்றிக்கு மாற்றிவிட்டுக் கணக்கிடுவதே பொது விதி. ஆனால் சில இணைகளில் முன்னொட்டுகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதால், மாற்றமே தேவைப்படுவதில்லை. ஒரு மின்தூண்டியின் மின்மறுப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஓமில், 6.2832 × அதிர்வெண் × மின்தூண்டல் ஆகும். அதிர்வெண் கிலோஹெர்ட்ஸிலும் மின்தூண்டல் மில்லிஹென்றியிலும் இருந்தால், ஆயிரமும் ஆயிரத்தில் ஒன்றும் பெருகி ஒன்றாகிவிடும். விடை நேராக ஓமில் வரும். மெகாஹெர்ட்ஸும் மைக்ரோஹென்றியும் அவ்வாறே. கிகாஹெர்ட்ஸும் நானோஹென்றியும் அவ்வாறே. 7 மெகாஹெர்ட்ஸில் 10 மைக்ரோஹென்றியின் மின்மறுப்பு 6.2832 × 7 × 10, ஏறத்தாழ 440 ஓம். ஒரு சுழியத்தைக்கூட எண்ணாமல் விடை கிடைத்துவிட்டது.

மின்னோட்டம் ஏறும் வீதத்துக்கும் இதே வசதி உண்டு. 10 மைக்ரோஹென்றி மின்தூண்டியின் குறுக்கே 5 வோல்ட் இருந்தால், மின்னோட்டம் வினாடிக்கு 500,000 ஆம்பியர் வீதம் ஏறும் என்று கணக்கு சொல்லும். கேட்பதற்கு அச்சமூட்டும் எண். ஆனால் மைக்ரோஹென்றிக்கு இணையாக மைக்ரோவினாடியை எடுத்துக்கொண்டால், 5 ÷ 10 = 0.5, அதாவது ஒரு மைக்ரோவினாடிக்கு 0.5 ஆம்பியர். மாற்றி மின்சுற்றில் சாவி ஒருசில மைக்ரோவினாடிகளே மூடியிருந்து மின்னோட்டத்தை விடும் என்பதால், நமக்குத் தேவையான எண் இரண்டாவதுதான்.

மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்றில் மட்டும் வேறொரு வகைக் கவனம் வேண்டும். அங்கே அதிர்வெண், மின்தூண்டலின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. 100 மைக்ரோஹென்றியும் 253 பிகோஃபாரட்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். மைக்ரோ என்பதை மில்லி என்று மாற்றி இட்டுவிட்டால், விடை ஆயிரம் மடங்கு விலகாது. ஆயிரத்தின் வர்க்கமூலமான 31.6 மடங்குதான் விலகும், அதாவது 31.6 கிலோஹெர்ட்ஸ் என்று வரும். பிழை சுழியங்களாக வராமல் 316 என்ற இலக்கங்களோடு வருவதால், அது அலகுப் பிழை என்பதே பலருக்குத் தோன்றாது. ஒத்ததிர்வுக் கணக்கின் விடை எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 32 மடங்கு கூடியோ குறைந்தோ இருந்தால், முதலில் முன்னொட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பத்து மடங்கு நுழையும் ஓரிடம்

ஆயிரத்தின் படிகள் தவிர வேறெதுவும் வராது என்று மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது வளைய உள்ளகங்களில் சுருள் சுற்றுபவர்கள் அறிந்திருக்க வேண்டியது. ஒவ்வோர் உள்ளகத்துக்கும் உற்பத்தியாளர் ஒரு மின்தூண்டல் காரணி தருவார். அதைச் சுற்றுகளின் எண்ணிக்கையின் இருமடியால் பெருக்கினால் மின்தூண்டல் கிடைக்கும். ஒரு ஃபெரைட் உள்ளகத்தின் காரணி 250 நானோஹென்றி என்றால், 40 சுற்றுகளுக்கு 250 × 1,600 = 400,000 நானோஹென்றி; இரண்டு படிகள் ஏறினால் 0.4 மில்லிஹென்றி. எதிர்த்திசையில், 1 மில்லிஹென்றி வேண்டுமென்றால் அதை முதலில் 1,000,000 நானோஹென்றியாக மாற்றி, 250-ஆல் வகுத்து, கிடைக்கும் 4,000-க்கு வர்க்கமூலம் காண வேண்டும்: ஏறத்தாழ 63 சுற்றுகள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தக் காரணியைச் சொல்வதற்கு மூன்று வழக்கங்கள் இருக்கின்றன. ஒரு சுற்றுக்கு இத்தனை நானோஹென்றி என்பது ஒன்று. ஆயிரம் சுற்றுகளுக்கு இத்தனை மில்லிஹென்றி என்பது மற்றொன்று. ஆயிரத்தின் இருமடி பத்து இலட்சம் என்பதால், மில்லியைப் பத்து இலட்சத்தால் வகுக்க நானோ கிடைக்கிறது. ஆகவே இவ்விரண்டு வழக்கங்களிலும் எண் மாறுவதில்லை. மூன்றாவது, இரும்புத்தூள் உள்ளகங்களுக்குப் பயன்படும் வழக்கம்: நூறு சுற்றுகளுக்கு இத்தனை மைக்ரோஹென்றி. நூறின் இருமடி பத்தாயிரம். மைக்ரோவைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 10⁻¹⁰, அதாவது நானோவில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே நூறு சுற்றுகளுக்கு 50 மைக்ரோஹென்றி என்று குறிக்கப்பட்ட உள்ளகம், ஒரு சுற்றுக்கு 5 நானோஹென்றி கொண்டதே. இந்தப் பத்து மடங்கைக் கவனிக்காமல் விட்டால், சுற்றுகளின் எண்ணிக்கை பத்தின் வர்க்கமூலமான 3.16 மடங்கு தவறிப்போகும்.

மாற்றத்தால் துல்லியம் கூடுவதில்லை

4.7 மில்லிஹென்றியை 4,700 மைக்ரோஹென்றி என்று எழுதியதால் அது நான்கு இலக்கத் துல்லியம் பெற்றுவிடுவதில்லை. பின்னால் உள்ள இரண்டு சுழியங்கள் இடத்தை நிரப்புபவை மட்டுமே. பொறுத்துக்கொள்ளத்தக்க விலகலைச் சதவீதத்தில் சொல்லியிருந்தால், அலகு மாறினாலும் அது மாறாது: 20 சதவீத விலகல் உள்ள 10 மைக்ரோஹென்றி மின்தூண்டி 8 முதல் 12 மைக்ரோஹென்றி வரை இருக்கலாம், நானோஹென்றியில் சொன்னால் 8,000 முதல் 12,000 வரை. மேலும், உள்ளகம் கொண்ட சுருளின் மின்தூண்டல், அதில் பாயும் மின்னோட்டத்தையும் அளக்கும் அதிர்வெண்ணையும் பொறுத்து உண்மையிலேயே மாறக்கூடியது. குறிக்கப்பட்ட அளவுக்கும் மீட்டர் காட்டும் அளவுக்கும் இடையே பத்தோ இருபதோ சதவீத வேறுபாடு தெரிந்தால், காரணத்தை அலகு மாற்றத்தில் தேட வேண்டாம். அலகுப் பிழை ஒருபோதும் சதவீதக் கணக்கில் வராது. ஆயிரம், பத்து போன்ற மடங்குக் கணக்கில்தான் வரும்.

சென்டிமீட்டரில் அளந்த காலம்

அலகு மாற்றும் அட்டவணைகளில் அப்ஹென்றி, ஸ்டாட்ஹென்றி என்ற இரண்டு பெயர்களும் இருக்கும். இவை சென்டிமீட்டர், கிராம், வினாடி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பழைய மெட்ரிக் முறையின் அலகுகள். அம்முறையின் மின்காந்தப் பிரிவில் மின்தூண்டலின் பரிமாணம் நீளமாகவே அமைந்துவிடுகிறது. ஆகவே அங்கே மின்தூண்டலைச் சென்டிமீட்டரிலேயே அளந்தார்கள். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் ஓர் அப்ஹென்றி; அது மிகச் சரியாக 10⁻⁹ ஹென்றி, அதாவது ஒரு நானோஹென்றி. நடைமுறைப் பணிகளுக்கு இது மிகச் சிறியது என்பதால், நூறு கோடி சென்டிமீட்டரைச் சேர்த்து ஒரு பெரிய அலகாக வைத்துக்கொண்டார்கள். நூறு கோடி சென்டிமீட்டர் என்பது 10,000 கிலோமீட்டர். மீட்டரை முதன்முதலில் வரையறுத்தபோது துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தொலைவாகக் கொள்ளப்பட்டதும் அதுவே. அதனால் அந்த அலகைக் குவாட்ரண்ட் என்று அழைத்தார்கள். 1893-இல் ஹென்றி என்ற பெயரைப் பெற்றது இந்த அலகுதான்.

ஸ்டாட்ஹென்றி, அதே பழைய முறையின் நிலைமின்னியல் பிரிவைச் சேர்ந்தது. ஒளியின் வேகத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து இருமடியாக்கினால் வரும் எண்ணால் அப்ஹென்றியைப் பெருக்க அது கிடைக்கும்; ஆகவே 1 ஸ்டாட்ஹென்றி ஏறத்தாழ 8.988 × 10¹¹ ஹென்றி. பத்தின் அடுக்காக இல்லாத ஒரே பெருக்கெண் இந்தப் பட்டியலில் இதுதான். இன்று எந்தச் சுருளையும் இதில் அளப்பதில்லை. பழைய கோட்பாட்டு நூல்களைப் படிப்பவர்களுக்கு மட்டுமே தேவைப்படும். சென்டிமீட்டர் அளவு அப்படியன்று. பழைய வானொலி நூல்களின் மின்சுற்றுப் படங்களில் அதை இன்றும் காணலாம். ஒரு சுருளின் அருகே 200,000 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தால் அது கம்பியின் நீளம் அன்று. 200,000 நானோஹென்றி, அதாவது 200 மைக்ரோஹென்றி மின்தூண்டல் கொண்ட, நடுத்தர அலைக்கு ஏற்ற சுருள்.